விசிறிக்கு வைத்த பொட்டு

அமெரிக்காவில், பிளானோவில் நாங்கள் இருந்த அபார்ட்மென்டில் பதினேழாவது கட்டடம் எங்களுடையது. மேலே நானும் என் மனைவி பர்வதமும். எங்களுக்கு நேர் கீழே நஞ்சுண்டன், அவன் மனைவி வசந்தாமணி, மூன்றாம் கிரேடு படிக்கும் மகள் கயல். தரையெல்லாம் மரப்பலகை. அவர்கள் வீட்டில் மிக்ஸி ஓடினால் எங்கள் கட்டில் அதிரும். எங்கள் வீட்டில் கடுகு தாளித்தால் கீழே கயல் தும்முவாள். நான் பெருந்துறைக்காரன், அவர்கள் கோபிக்காரர்கள். ஊரில் இருந்திருந்தால் ஒருத்தரை ஒருத்தர் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. இங்கே ஒரே கம்பெனி, ஒரே ஃப்ளோர், ஒரே கார். ஒரு வாரம் அவன் வண்டி, மறு வாரம் என் வண்டி.

இரண்டாயிரத்து ஒன்பது ஜனவரியில் அவனுக்கு வேலை போன வாரம் என் வண்டி.

காலை பத்தேகாலுக்குக் கூப்பிட்டார்கள். பத்தரைக்கு ஒரு அட்டைப்பெட்டியோடு என் இடத்துக்கு வந்து நின்றான். பேட்ஜை வாங்கிக்கொண்டுவிட்டதால் பக்கத்தில் செக்யூரிட்டி நின்றுகொண்டிருந்தார். எனக்கு அப்போது ஒரு மீட்டிங். சாவியைக் கொடுத்து, "வண்டில இரு நஞ்சுண்டா, வந்தர்றேன்" என்றேன். வெளியே வர ஐந்தரை ஆகிவிட்டது. நடுவில் போயிருக்கலாம். இன்னும் எத்தனை பேரைக் கூப்பிடுவார்களோ என்று இருந்தபோது இடத்தை விட்டு எழுந்துபோக எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் ஏழு மணி நேரம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தான். ஹீட்டர்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

"ஏன்டா போடல?"

"உங்க வண்டிங்ளே அண்ணா" என்றான்.

டோல்வேயில் வரும்போது ஒன்றே ஒன்று சொன்னான். "லேப்டாப்ப வாங்கிட்டாங்ண்ணா. கயலு போட்டோவெல்லாம் அதுலதான் இருக்குது."

எங்கள் எல்லோர் கதையும் அதுதான். கம்பெனி லேப்டாப் கொடுத்த நாளிலிருந்து சொந்தக் கம்ப்யூட்டர் எதற்கு என்று ஆகிவிட்டது. ரெஸ்யூமே, பாஸ்போர்ட் நகல், பிள்ளையின் பிறந்தநாள், ஊரில் வாங்கிய மனையின் பத்திரம், எல்லாம் அதிலேதான். சாயங்காலம் ஆனால் பர்வதம் என் லேப்டாப்பில் சீரியல் போடுவாள். வசந்தாமணி ஒரு கிண்ணத்தில் எதையாவது மூடி எடுத்துக்கொண்டு மேலே வருவாள். இருவரும் ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்து, அந்த மாமியாரைத் திட்டிக்கொண்டே பார்ப்பார்கள். ஒன்றரை வருஷமாக நடந்துகொண்டிருந்தது இது.

மாதக் கடைசி வரைக்கும் அவன் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கும். அதற்குள் வேறொரு கம்பெனி விசாவுக்குப் பேப்பர் போட வேண்டும். இல்லையென்றால் மூன்று பேரும் கிளம்ப வேண்டியதுதான். வசந்தாமணி எம்.சி.ஏ. படித்தவள், கோபியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நாலு வருஷம் பாடம் எடுத்தவள். ஆனால் அவளிடம் இருந்தது எச்-ஃபோர். கணவனின் விசாவில் தொங்குகிற விசா. சமைக்கலாம், கோயிலுக்குப் போகலாம், காரோட்டலாம். சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது.

நஞ்சுண்டன் பேசுவதை நிறுத்திக்கொண்டான். அழவில்லை, கோபப்படவில்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால் எங்களுக்கும் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். காலை ஆறரைக்கு எழுந்து, ஷேவ் செய்து, சட்டையை உள்ளே விட்டு, ஷூ போட்டுக்கொண்டு சோஃபாவில் வந்து உட்காருவான். டிவியில் வானிலைச் சேனல். சாயங்காலம் ஆறு மணிக்கு ஷூவைக் கழற்றுவான்.

"கார்ப்பெட்டுல ஷூவோட உக்காராதீங்கன்னு சொன்னங்க்கா. காதுலயே வாங்கறதில்ல" என்று வசந்தாமணி பர்வதத்திடம் சொன்னாள். "சோறு போட்டா திங்கறாரு. போடலீன்னா கேக்கறதில்ல. நேத்து அரிசியும்பருப்புல உப்புப் போட மறந்துட்டனுங். ஒண்ணுமே சொல்லாம தின்னு போட்டாரு. அதுக்குத்தானுங் எனக்கு பயமாப் போச்சு."

ரெஸ்யூமேயை அவள்தான் நூலகத்துக்குப் போய் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமாக உட்கார்ந்து அடித்து, எல்லா இடத்துக்கும் அனுப்பிக்கொண்டிருந்தாள். இர்விங்கில் ஒரு சின்ன கன்சல்டிங் கம்பெனியிலிருந்து மட்டும் பதில் வந்தது. ஆன்லைனில் டெஸ்ட், இரண்டு மணி நேரம், வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. தேறினால் போனில் பேசுவார்கள். பிடித்துப்போனால் அடுத்த நாளே பேப்பர் போடுவார்கள்.

நூலகத்தில் ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம்தான். அதுவும் அந்தச் செவ்வாய்க்கிழமை பனிமழை பிடித்துக்கொண்டது. பஞ்சாக விழும் பனி இல்லை. மழையாக விழுந்து, விழுந்த இடத்தில் கண்ணாடியாக உறைவது. படிக்கட்டு, கார்க் கதவு, தபால்பெட்டி எல்லாம் பூட்டிக்கொண்டன. பள்ளிக்கூடம் லீவு, நூலகம் லீவு. சாலையில் மணல் தூவுகிற லாரி மட்டும் ஒன்று போய்வந்து கொண்டிருந்தது.

செவ்வாய் மத்தியானம் வசந்தாமணி மேலே வந்தாள். கையில் கிண்ணம் இல்லை.

"ஏனுங்ண்ணா, வெள்ளிக்கெழமை ரெண்டே ரெண்டு மணி நேரம். உங்க லேப்டாப்பு குடுத்தீங்கன்னா, அவரு டெஸ்ட்டு எழுதுன ஒடனே கொண்டாந்து குடுத்தர்றனுங்."

பர்வதம் என்னைப் பார்த்தாள். நான் லேப்டாப்பைப் பார்த்தேன்.

"இல்ல அம்மிணி. கம்பெனில இப்ப எல்லாத்தையும் மானிட்டர் பண்றாங்க. லே ஆஃப் ஆன ஆளு நம்ம மெஷின்ல லாகின் பண்ணுனா என் வேலைக்கே வந்துரும். பாலிசி ரொம்ப ஸ்ட்ரிக்டு ஆயிப்போச்சு."

அவள் கண் ஒரு நொடி மேசைமேல் இருந்த லேப்டாப்புக்குப் போனது. முந்தின சாயங்காலம் அதில் அவள் பார்த்த சீரியலின் பக்கம் இன்னும் மூடப்படாமல் இருந்தது.

"அதுஞ் செரிதானுங்ண்ணா" என்றாள். "காலம் அப்புடி இருக்குது."

அவள் இறங்கிப்போன பிறகு பர்வதம் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. பாலிசி என்று ஒன்று இருந்தது உண்மை. மானிட்டர் செய்வார்கள் என்பதும் பாதி உண்மையாக இருக்கலாம். ஆனால் நான் கொடுக்காததற்கு அது காரணம் இல்லை. வேலை போனவன் தொட்ட சாமானை மறுபடி தொட எனக்கு பயமாக இருந்தது. எம்.ஈ. படித்தவன் சொல்கிற காரணமா இது? இதுதான் காரணம்.

மனசு கேட்காமல் சாயங்காலம் கீழே போனேன். புதுசாக ஒன்று வாங்கிவிடலாமே என்று சொன்னேன்.

"பொட்டி கட்டறதா வேண்டாமான்னே தெரியலீங். இதுல புதுசு எதுக்கு? இருக்கறத வெச்சு ஆவுமான்னு பாக்கறனுங்" என்றாள் வசந்தாமணி.

அவள் முன்னால் டைனிங் டேபிளில் ஒரு பழைய கம்ப்யூட்டர். நஞ்சுண்டன் இந்த ஊருக்கு வந்த முதல் மாதம், இரண்டாயிரத்தில் வாங்கியது. வெள்ளையாக இருந்தது தந்த நிறத்துக்கு வந்து, பிறகு மஞ்சளாகிவிட்டிருந்தது. பென்டியம் த்ரீ. துணி வைக்கும் குளோசெட்டில் சூட்கேஸ்களுக்குப் பின்னால் கிடந்ததை அவளே இழுத்துவந்து வைத்திருந்தாள். அதில் இருந்த பழைய விண்டோஸ் ஏறத்தான் ஏறியது. டெஸ்ட் நடக்கும் வெப்சைட்டைத் திறந்தால் பாதிப் பக்கம் வெள்ளையாக நின்றது. பிரவுசரைப் புதுப்பிக்கப் போனால், இந்த விண்டோஸுக்கு இனிமேல் இல்லை என்று கைவிரித்தது.

"லினக்ஸ் போட்டா ஓடுங்ளா?" என்று அவளே கேட்டாள்.

லேப்டாப் கொடுக்காத பாவத்துக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று இருந்த எனக்கு அது போதும். "பேஷா ஓடும். லேசா ஒரு வெர்ஷன் இருக்குது, பழைய மெஷினுக்குன்னே பண்ணுனது. நான் சிடி பர்ன் பண்ணித் தர்றேன்" என்றேன். மேலே வந்து கம்பெனி லேப்டாப்பில்தான் இறக்கினேன், அதிலேயேதான் சிடியும் அடித்தேன். அப்போது பாலிசி ஞாபகத்துக்கு வரவில்லை.

மெமரி போதவில்லை. நூற்றியிருபத்தெட்டு எம்பி. இன்ஸ்டால் ஆரம்பித்து மொழி கேட்டது, விசைப்பலகை கேட்டது, நின்றுபோனது. எங்கள் அபார்ட்மென்டில் யாராவது காலி செய்தால் வேண்டாத சாமானைக் குப்பைத்தொட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். அந்த ஜனவரியில் நிறையப் பேர் காலி செய்தார்கள். வசந்தாமணி என் மழைக்கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, பர்வதம் கொடுத்த பழைய சாக்ஸை ஷூவுக்கு மேலே மாட்டிக்கொண்டு, பனிக்கட்டிமேல் நடந்து போனாள். ஷூவுக்கு மேல் சாக்ஸ் போட்டால் வழுக்காது என்று டிவியில் சொன்னார்களாம். அரைமணி கழித்து ஒரு செத்துப்போன டெஸ்க்டாப்பை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அதைத் திறந்து இரண்டு மெமரி அட்டைகளைக் கழற்றினாள். கயலின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்தாள். அட்டையின் தங்கப் பல்வரிசையை ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஊதி, வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி தேய்த்தாள். அவள் கை அப்படி வேகமாகவும் நிதானமாகவும் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. முறுக்குப் பிழியும்போதுகூட அவ்வளவு இல்லை.

"சென்டர்ல பதினாலு மெஷினுங்ண்ணா. எல்லாம் கோயமுத்தூருல வேண்டாம்னு தூக்கிப்போட்டதுங்க. காத்தால போன ஒடனே எனக்கு இதுதானுங் வேல. ரப்பரு வாங்கற காசு மாசம் ஒரு பத்து ரூவா ஆவும்."

"மம்மி, கேன் ஐ ட்ரை?" என்றாள் கயல்.

"தேயி. அமுத்தாதே."

மாட்டியதும் கம்ப்யூட்டர் மூன்று தரம் கத்தியது. அவள் அட்டைகளை இடம் மாற்றினாள். ஒருதரம் கத்தியது. "செரி" என்றாள்.

இன்ஸ்டால் ஓடியது. கறுப்புத் திரை, சாம்பல் பெட்டி, சிவப்புக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக மெதுவாக நகர்ந்தது. பத்து சதவீதம், பதினைந்து. வசந்தாமணி நடுநடுவே எழுந்துபோய்க் கொள்ளு ரசத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். சோஃபாவில் நஞ்சுண்டன் வானிலை பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பது சதவீதத்தில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது.

சிடி சரியில்லை என்று நான் வேறொன்று அடித்து வந்தேன். நாற்பத்திரண்டில் அணைந்தது. புதன்கிழமை இன்னொரு சிடி. முப்பத்தெட்டு. அட்டையைக் கழற்றித் தேய்த்தாள். முப்பத்தைந்து. வயரை மாற்றினாள். பவர் பட்டையை மாற்றினாள். அணைந்ததும் உடனே போட்டால் ஏறவே ஏறாது, அரைமணி விட்டுப் போட்டால் ஏறும். புதன் சாயங்காலம் அவள் இரண்டு கையையும் டேபிள்மேல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டாள்.

"ஃபேன் சுத்துதா?" என்று ஒரு குரல் கேட்டது.

எனக்குச் சட்டென்று யார் என்று தெரியவில்லை. பதினைந்து நாளாகக் கேட்காத குரல்.

"ப்ராசசர் மேல இருக்கற ஃபேன் சுத்துதான்னு பாரு" என்றான் நஞ்சுண்டன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பக்கத்து மூடி இரண்டு நாளாகத் திறந்துதான் கிடந்தது. நாங்கள் இருவரும் பத்துத் தரமாவது உள்ளே குனிந்து பார்த்திருக்கிறோம். பவர் போட்டுப் பார்த்தோம். பின்னால் பெரிய விசிறி சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது. நடுவில் இருந்த சின்ன விசிறி அசையவில்லை. அதன் குமிழில் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம், நல்ல தடிமனாக, வருஷக்கணக்கில் வைத்து வைத்து மேடு தட்டியிருந்தது. நாங்கள் பொட்டைத்தான் பார்த்தோம். பொட்டு சுற்றுகிறதா என்று பார்க்கவில்லை.

ஆயுத பூஜைக்கு எல்லோரும் கம்ப்யூட்டருக்கு வெளியேதான் பொட்டு வைப்போம். நஞ்சுண்டன் என்ஜினியர் புத்திக்காரன். "தகரத்துக்குப் பொட்டு வெச்சு என்ன ஆவப்போவுது? வேலை செய்யறதுக்கு வெக்கோணும்" என்று வருஷா வருஷம் மூடியைக் கழற்றி, ப்ராசசருக்கு மேலேயே சந்தனம் வைத்து, மஞ்சளரிசி போட்டு, பொரி கடலையையும் ஒரு கை தூவுவான். இரண்டாயிரத்திலிருந்து போன அக்டோபர் வரைக்கும் ஒன்பது ஆயுத பூஜை. குளோசெட்டில் கிடந்த வருஷங்களிலும் அதை மட்டும் நிறுத்தவில்லை. முதல் முதலாக அமெரிக்காவில் வாங்கிய பொருளாயிற்றே.

வசந்தாமணி ஸ்க்ரூடிரைவரால் விசிறியை எடுத்தாள். அடியில் இருந்த அலுமினியத் தகடுகளின் இடுக்கு ஒவ்வொன்றிலும் பொரி. பழுப்பேறிய பொரி, மஞ்சள் போன அரிசி, செவ்வந்தி இதழ் தூள், ஒரு முழுக் கடலை.

"ஈயூ! இஸ் தட் பக்ஸ்?" என்றாள் கயல்.

"பொரி கண்ணு" என்றாள் அம்மா. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் எங்கே போய் முடியுமோ என்று நிறுத்திக்கொண்ட மாதிரி இருந்தது.

பல் துலக்கும் பிரஷ்ஷால் தகட்டைச் சுத்தம் செய்தாள். சந்தனத்தைக் கத்தி முனையால் சுரண்டினாள். விசிறியின் அச்சுக்கு எண்ணெய் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் குளிரில் கல்லாக இருந்தது. ஒரு ஸ்பூன் எடுத்து மைக்ரோவேவில் காட்டி, இரண்டு சொட்டு விட்டாள். விரலால் சுண்டியதும் விசிறி சுற்றியது.

டேபிள்மேல் பேப்பர் டவலில் கிடந்த பொரியைச் சுருட்டி நான் குப்பையில் போடப் போனேன்.

"குடுங்ண்ணா" என்று நஞ்சுண்டன் எழுந்து வந்தான். "சாமிக்கு வெச்சது. கால் படாத எடத்துல போடோணும்."

ஷூவோடு அப்படியே கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். பதினைந்து நாளில் அதுதான் முதல் தடவை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்க்கிங் ஓரத்தில் இலையில்லாத மிர்ட்டில் மரம் ஒன்று, கிளையெல்லாம் பனிக்கட்டி. அதன் அடியில் குந்தி உட்கார்ந்து, உறைந்த மண்ணைக் கார்ச் சாவியால் நோண்டி, பொரியைக் கொட்டினான். கொட்டிவிட்டு உடனே எழுந்திருக்கவில்லை.

இன்ஸ்டாலை மறுபடி ஆரம்பித்தோம். அவன் திரும்பி வருவதற்குள் சிவப்புக்கோடு எண்பதைத் தாண்டிவிட்டது. பயன்படுத்துபவர் பெயர் என்ன என்று திரை கேட்டது. வசந்தாமணி வாசல் கதவைப் பார்த்தாள். பிறகு தன் பெயரை அடித்தாள். ஒரு கடவுச்சொல்லும் அடித்தாள். பேரில் என்ன இருக்கிறது, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நான்கூடச் சொன்னேன். அந்த வீட்டில் அன்று எல்லோரும் கொஞ்சம் நன்றாகச் சாப்பிட்டார்கள். நஞ்சுண்டன் ரசத்தில் உப்பு கம்மி என்றான். வசந்தாமணி என்னைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை சாலை திறந்துவிட்டது. ஆனாலும் நான் வீட்டிலிருந்தே வேலை செய்வதாக மெயில் போட்டுவிட்டுக் கீழே போனேன். கம்ப்யூட்டர் நடுவில் மக்கர் செய்தால் ஒரு ஆள் இருக்கட்டும் என்று வசந்தாமணி கூப்பிட்டிருந்தாள். பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நஞ்சுண்டன் திருநீறு பூசி, ஷூ போட்டு, டேபிள் முன்னால் உட்கார்ந்தான். பக்கம் திறந்தது. மெதுவாகத்தான் திறந்தது, ஆனால் முழுசாகத் திறந்தது. மேல் மூலையில் கடிகாரம் கீழ்நோக்கி ஓட ஆரம்பித்தது. அறுபது கேள்விகள்.

முதல் கேள்வி, ஆஃபீசில் தினமும் செய்துகொண்டிருந்த வேலையைப் பற்றியதுதான். புதுசாகச் சேரும் பையன்களுக்கு அவன் சொல்லித் தருகிற விஷயம். அவன் மவுஸ்மேல் கையை வைத்தான். திரையைப் பார்த்தான். ஐந்து நிமிஷம் போனது. படிக்கிறான் என்று நினைத்தேன். பத்து நிமிஷம் போனது.

"என்னங்க?" என்றாள் வசந்தாமணி.

கடிகாரத்தில் மிச்சம் ஒரு மணி நாற்பத்தைந்து நிமிஷம். விசிறி சன்னமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"வசந்தா, எழுத்தெல்லாம் தெரியுது. என்ன கேக்கறான்னு தெரியல."

"மெதுவாப் படிங்க. தெரிஞ்சதுதான்."

"தெரிஞ்சதுதான்" என்றான். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அன்று என் காரில் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த மாதிரியே இரண்டு கையும் இருந்தன.

ஒரு மணி முப்பத்தெட்டு. வசந்தாமணி இன்னொரு நாற்காலியை இழுத்து அவனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மவுஸைத் தன் பக்கம் நகர்த்தினாள். முதல் கேள்விக்குப் பதிலை அழுத்தினாள். அடுத்தது. அடுத்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கிச்சனுக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். பார்க்காதது மாதிரி இருப்பது எனக்குக் கைவந்த கலை. ஒன்றரை மணி நேரம் அந்த வீட்டில் மவுஸ் சத்தம் மட்டும் கேட்டது. எட்டு வருஷமாக வேலை செய்யாதவள். ஒருதரம் மட்டும் "இது புதுசா இருக்குது, இப்புடித்தான் இருக்கோணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நஞ்சுண்டன் அவள் தோளோடு தோள் இடிக்க, வானிலைச் சேனல் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முடித்து அழுத்தியதும் மார்க் வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.

"பரவால்ல" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் இர்விங்கிலிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நானும் பர்வதமும் கீழேதான் இருந்தோம். அந்தப் பக்கம் பேசியவர் நல்ல மாதிரி மனுஷன். இந்த டெஸ்டில் தொண்ணூறு தாண்டியவர்கள் இந்த வருஷம் யாருமே இல்லை என்றார். நாளைக்கே வக்கீலிடம் சொல்லிப் பேப்பரைத் தயார் செய்யச் சொல்கிறேன் என்றார். சம்பிரதாயத்துக்கு ஒன்றிரண்டு கேட்டுவிடுகிறேன் என்று, "அந்த நாற்பத்தோராவது கேள்விக்கு எப்படி யோசித்தீர்கள்? எங்கள் ஆட்களே அதில் தப்பு விடுவார்கள்" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"அதை நான் எழுதவில்லை" என்றான் நஞ்சுண்டன், இங்கிலீஷிலேயே. "என் மனைவி எழுதினாள்."

பர்வதம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எல்லாமேவா?" என்றார் போனில் இருந்தவர்.

"எல்லாமே."

யோக்கியன் என்று காட்டிக்கொள்ளச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னான். யோசித்துப் பொய் சொல்ல அவனிடம் அன்று ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

அந்த மனுஷர் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்கள் மனைவியின் ஸ்டேட்டஸ் என்ன?" என்று கேட்டார்.

வசந்தாமணிதான் பதில் சொன்னாள். "எச்-ஃபோர்."

"ஓ" என்றார். வருத்தம் தெரிவித்துவிட்டு வைத்துவிட்டார்.

அவள் போனை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். கணவனைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "டீ போடட்டுங்ளா எல்லாருக்கும்?" என்று கேட்டாள். போட்டாள். குடித்தோம். இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். அவ்வளவுதான் நடந்தது. நான் லேப்டாப் கொடுத்திருந்தால் மட்டும் அவன் எழுதியிருப்பானா என்று அன்றைக்கு என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

பிப்ரவரி மூன்றாம் வாரம் கிளம்பினார்கள். ஏர்போர்ட்டுக்கு நான்தான் வண்டியோட்டினேன். கயல் பள்ளிக்கூட நடுவில் போக மாட்டேன் என்று வழியெல்லாம் இங்கிலீஷில் அழுதாள். கம்ப்யூட்டரை மேலே கொண்டுவந்து எங்கள் குளோசெட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். "தூக்கிப் போட மனசு வரலீங்ண்ணா. ஓடற மெஷினு" என்றாள் வசந்தாமணி.

ஆகஸ்டில் என்னைக் கூப்பிட்டார்கள். அதே அறை, அதே அட்டைப்பெட்டி. அந்த வாரம் என் வண்டியில் வர யாரும் இல்லாததால் யாருக்காகவும் காத்திருக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலை குளிக்கும்போது, எங்கும் போக வேண்டியதில்லை என்பதே மறந்துபோய் ஷேவ் செய்துகொண்டேன்.

எட்டு மணிக்குக் குளோசெட்டைத் திறந்து அந்த மஞ்சள் பெட்டியை இழுத்தேன். டேபிளில் வைத்து வயர்களை மாட்டினேன். மூடியைக் கழற்றி, சின்ன விசிறி சுற்றுகிறதா என்று முதலில் பார்த்தேன். சுற்றியது. நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் ஏறியது. கடவுச்சொல் கேட்டது. எனக்குத் தெரியாது.

கோபியில் அப்போது மாலை ஆறரை. வசந்தாமணி எடுத்தாள். பின்னால் பஸ் ஹாரன் சத்தம்.

"சொல்லுங்ண்ணா! இப்பத்தானுங் பஸ்ஸு எறங்குனேன். கோயமுத்தூருல ஒரு கம்பெனில சேந்துட்டனுங், ரெண்டு மாசமாச்சு. அவருதான் காத்தால வண்டில பஸ் ஸ்டாண்டுல கொண்டாந்து உடறாரு. சாயங்காலம் வந்து நிக்கறாரு. இதா, நிக்கறாரு. பேசறீங்ளா?"

"எப்புடி இருக்கான்?"

"இருக்காருங். ஷூ போட்டுட்டுத்தான் வண்டி ஓட்டறாரு" என்று சிரித்தாள். "நீங்க என்னுங்ண்ணா இந்நேரத்துல? ஆஃபீஸ் போகலீங்ளா?"

சொன்னேன்.

"ஐயோ" என்றாள். அப்புறம், "பொட்டி ஏறுச்சுங்ளா?" என்று கேட்டாள்.

"ஏறிருச்சு அம்மிணி. பாஸ்வேர்டு கேக்குது."

"பி, ஓ, ஆர், ஐ. பொரிங்ண்ணா. அதோட ரெண்டாயிரத்து ஒம்பது. எல்லாம் சின்ன எழுத்து. மூடிய மூடிப்போட்டு ஓட்டாதீங்க, சூடாயிரும். ரெஸ்யூமே அடிக்க, மெயில் பாக்க எல்லாத்துக்கும் ஆவும். படந்தான் ஓடாது, தெணறும்."

"செரி அம்மிணி."

"அப்ப அக்கா சீரியலு எதுலீங்ண்ணா பாக்கறாங்க இப்ப?" என்று கேட்டாள்.

குத்திக்காட்டக் கேட்கவில்லை. எனக்கு அவளைத் தெரியும். பர்வதத்துக்குச் சீரியல் போய்விட்டதே என்ற நிஜமான வருத்தத்தில்தான் கேட்டாள். கிச்சன் வாசலில் பர்வதம் கையில் கரண்டியோடு நின்று, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு லேப்டாப்பு குடுத்திருக்கலாம் அம்மிணி" என்றேன். "பாலிசியெல்லாம் ஒண்ணுமில்ல."

"தெரியுங்ண்ணா" என்றாள். "நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. பஸ் ஸ்டாண்டுல சத்தமா இருக்குது, ஊட்டுக்குப் போயிக் கூப்படறனுங்."

போனை வைத்துவிட்டுக் கடவுச்சொல்லை அடித்தேன். ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். திரை நீலமாகத் திறந்தது. மேல் மூலையில் வசந்தாமணி என்று இருந்தது. அதை மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டு, என் ரெஸ்யூமேயை முதல் வரியிலிருந்து அடிக்க ஆரம்பித்தேன்.